குமரியின் காடு, குளம், கடல்: நிலக்காட்சிப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கேமராவோ நல்ல போனோ எடுத்துக்கொண்டு விடுமுறை நாளில் மலைக்கும் கடலுக்கும் கிளம்புகிறவர்கள் இப்போது ஏராளம். அவர்களில் பலருக்குப் படம் எடுப்பதோடு மனசு நிற்பதில்லை. இந்த மலையும் குளமும் இப்படியே இருக்க வேண்டும், அதற்கு என் படம் உதவுமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும், அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்களும் இங்கே.

இவ்வளவு சின்ன மாவட்டத்தில் வனக்காட்சி என்று எடுக்க என்ன இருக்கிறது?

மாவட்டம் மொத்தமும் 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு! மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி இது. 2016இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோள வலையமைப்பில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் நம் மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. சமவெளிக்கு வந்தால் சுசீந்திரம் - தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழியில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. புத்தளம் உப்பளத்தில் பூநாரை இறங்கும். முட்டத்தில் செம்மண் மேடு கடலோரம் செங்குத்தாக அறுந்து நிற்கிறது. காலையில் கீரிப்பாறைக் காட்டில் இருந்துவிட்டு மாலைக்குள் கடற்கரைக்கு வந்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்த வசதி வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக அமையவில்லை என்பது என் எண்ணம்.

அழகான படம் ஓர் இடத்தைக் காப்பாற்றிய கதை உண்மையில் உண்டா?

உண்டு. ஆனால் பாதிக் கதைதான் பரவலாகச் சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். அந்த இடத்தை நேரில் பார்த்திராத கிழக்குக்கரை மக்கள் அந்தப் படங்களில்தான் அதைப் பார்த்தார்கள். 1864இல் ஆபிரகாம் லிங்கன் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1871இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் ஓர் அரசு ஆய்வுக் குழுவோடு போய் யெல்லோஸ்டோனை எடுத்தார். அடுத்த ஆண்டே அது தேசியப் பூங்கா ஆனது. ஆன்சல் ஆடம்ஸின் சியரா நெவாடா படங்கள் அமைச்சர், அதிபர் வரை போய்ச் சேர்ந்த பிறகு 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா வந்தது. மூன்றிலும் படம் தனியாக வேலை செய்யவில்லை. பின்னால் சட்டம் கேட்டு அலைந்தவர்கள் இருந்தார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்தது. அங்கே பெடர் ஏரியை அணைநீரில் மூழ்கடிக்கப் போகிறார்கள் என்றதும் ஒலேகாஸ் ட்ருச்சானஸ் என்பவர் அதன் படங்களை ஊர் ஊராகத் திரையிட்டுக் காட்டினார். அரங்குகள் நிறைந்தன, மக்கள் கலங்கினார்கள். ஆனாலும் 1972இல் ஏரி மூழ்கியது. அதே ஆண்டு ட்ருச்சானஸும் ஆற்றில் போய் இறந்தார். அவரிடம் கற்ற பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் 1979இல் பிராங்க்ளின் ஆற்றின் ஒரு வளைவை, விடியல் மூடுபனியோடு எடுத்தார். அந்த ஆற்றிலும் அணை கட்ட முடிவானபோது, 1983 தேர்தலுக்கு முன்னால் இந்தப் படத்தை நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டார்கள். இதை அழிக்கும் கட்சிக்கு உங்களால் ஓட்டுப் போட முடியுமா என்று கீழே ஒரு கேள்வி. ஆட்சி மாறியது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அணையைத் தடுக்கும் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

குருவும் சீடனும் எடுத்த படங்களில் அழகுக்கு எதிலும் குறைவில்லை. முதல் தோல்வியில் அடிபட்டவர்கள் அதற்குள் அமைப்பாகத் திரண்டிருந்தார்கள். இரண்டாவது படத்துக்குக் கீழே இருந்த கேள்வி, எது அழியப் போகிறது, அதைத் தடுக்கும் ஓட்டு உன் கையில் என்று சொன்னது. நம் ஊரில் 'காலை வணக்கம்' எழுதி அனுப்பும் பேச்சிப்பாறைப் படத்துக்குக் கீழே அப்படி எதுவும் இருப்பதில்லை. இடம், தேதி, அங்கே இப்போது நடப்பது, அதை முடிவுசெய்யப் போவது யார் என்ற நாலு விவரத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அதே படம் வேறு வேலை செய்யும்.

அந்தப் புகழ்பெற்ற படங்களில் மனிதர்களே இல்லையே. நாமும் ஆள் வராமல்தான் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். யோசெமிட்டியில் அவானீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தார்கள். 1851இல் ஆயுதப் படை நுழைந்து அவர்களைத் துரத்தியது. வாட்கின்ஸ் போனது அதற்குப் பத்து ஆண்டு கழித்து. ஆளரவமற்ற தூய நிலம் என்று உலகம் பார்த்து மயங்கியது, ஆள்களை விரட்டிய நிலத்தை. அந்தப் பழக்கம் இன்றும் நம் கண்ணில் இருக்கிறது. காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பு தெரியாதபடி கேமராவைத் திருப்பி, 'மனிதக் கால் படாத காடு' என்று எழுதுகிறோம். அங்கே வாழ்கிறவர்களை இல்லாதவர்கள் ஆக்கும் பேச்சு அது.

நம் மாவட்டத்தின் பெரும்பாலான காட்சிகள் மனிதக் கையும் இயற்கையும் சேர்ந்து செய்தவை. பேச்சிப்பாறை ஏரி 1906இல் கட்டிமுடித்த அணையின் நீர். தேரூர் குளம் பாசனத்துக்காகக் கரை போட்டது. அந்தக் குளத்தில் விடியற்காலையில் தாமரை பறிப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, இலைகளைக் கையால் விலக்கி விலக்கி நடக்கிறார். விரியாத மொட்டாகப் பார்த்து, தண்டை நீளமாக விட்டு ஒடிக்கிறார். ஒரு கை நிறைந்ததும் கட்டைத் தோளில் சாய்த்துக்கொள்கிறார். அவர் நகர நகர, நாலடி தள்ளி ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு இலைமேல் ஓடுகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சட்டை செய்வதில்லை. அந்த மொட்டு தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும். தாமரை குளம் முழுக்க மூடிவிட்டால் திறந்த நீர் தேடும் பறவைகளுக்கு இடம் குறையும், தாமரைக் குத்தகையே இல்லாவிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பு போகும். இந்த இழுபறி முழுவதும் ஒரே சட்டகத்தில் இருக்கிறது. அவரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் எடுத்தால் படம் காலண்டருக்குத்தான் ஆகும்.

எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்றால் போதும். காணி குடியிருப்புகளிலும் கரமடி வலை இழுக்கும் கரையிலும் அதே மரியாதை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நம்மவர்களில் முன்மாதிரி என்று யாரைச் சொல்வீர்கள்?

மா. கிருஷ்ணன். திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் காட்டையும் விலங்குகளையும் எடுத்தார். தமிழிலும் எழுதினார், ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை பத்தி எழுதினார். அவரிடம் படமும் எழுத்தும் பிரிந்திருக்காது. எந்தச் செடி, எந்த விலங்கு, என்ன செய்துகொண்டிருந்தது என்ற விவரம் கூடவே வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவரது படத்தைவிட அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

நிலம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது என்பதால். கடற்கரை வருஷத்துக்குக் கொஞ்சமாகப் பின்வாங்கும். குளத்தை ஒரு ஓரத்தில் மண் போட்டு மேடாக்குவார்கள். மலைச் சரிவில் முதலில் ஒரு பாதை, பிறகு ஒரு வெட்டு, பிறகு ஒரு குழி. தினமும் பார்க்கிறவருக்கு எல்லாம் எப்போதும் இருந்ததுபோலவே தோன்றும். ஒரே புள்ளியில் நின்று, ஆண்டுக்கு இரண்டு முறையாவது எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

செய்முறை கடினமில்லை. அசையாத அடையாளம் ஒன்றைப் பிடியுங்கள்: பாலத்துக் கைப்பிடி, மைல்கல், கோவில் படித்துறை, மடையின் கல்தூண். அதன்மேலோ பக்கத்திலோ நின்று, கேமராவின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுதுங்கள். போன் என்றால் ஜூம் செய்யாமல் எடுங்கள். சட்டகத்தின் இரண்டு ஓரத்திலும் மாறாத ஏதாவது ஒன்று வரட்டும், ஒரு பக்கம் மலை முகடு, மறு பக்கம் கோபுரம் என்பதுபோல. அடுத்த முறை பழைய படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் பொருத்தினால் போதும். அதே மாதம், ஏறக்குறைய அதே நேரம் எடுக்க முயலுங்கள். இல்லையென்றால் கோடையில் வற்றிய குளத்தையும் கார்த்திகையில் நிறைந்த குளத்தையும் ஒப்பிட்டுத் தவறான முடிவுக்கு வருவோம். கடற்கரை என்றால் ஓதம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதையும் குறிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு இது மிகவும் தேவை. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போடுகிறார்கள். கரையோரமாக நகர்ந்துபோகும் மணலை அது ஒரு பக்கம் தேக்கும். மறுபக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராததால் அங்கே அரிப்பு கூடலாம். ஒரு ஊரின் பாதுகாப்பு பக்கத்து ஊரின் இழப்பாக மாறும் இந்த விவகாரத்தை வாயால் பேசினால் சண்டையில் முடியும். இரு ஊர்க் கரையையும் ஒரே நாளில் எடுத்த படத்தொடர் இருந்தால் பேச்சு வேறு விதமாக நடக்கும்.

பழைய படம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தைத் தூக்கிப் போட்டது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது ரப்பர்த் தோட்டங்களும் பெருமரங்களும் சாய்ந்தன. அவற்றுக்கு முன்னால் அந்த இடங்கள் எப்படி இருந்தன என்பது கல்யாண ஆல்பங்களில், முதல் நற்கருணைப் படங்களில், பள்ளிச் சுற்றுலாப் படங்களில் பின்னணியாக இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் தெரியும் கரையும் தென்னையும் இன்றைக்கு ஆவணம்.

குவாரி, குப்பை, மின்கம்பி எல்லாம் குறுக்கே வந்தால் ஒதுக்கி எடுக்கலாமா?

ஒதுக்குவதும் ஒரு தேர்வுதான், ஆனால் எப்போதும் ஒதுக்கினால் பொய்யாகிவிடும். நாகர்கோவிலில் வளர்ந்தவர்களுக்குத் தாடகை மலையின் கோடு மனப்பாடம்; படுத்திருக்கும் பெண்ணின் உருவம் என்று குழந்தைக்குக்கூடக் காட்டுவோம். மலையின் கோடு ஊருக்குப் பொதுவான நினைவு. வேறு குன்றுகளில் கல்லுடைத்து அந்தக் கோடு அறுந்துபோனதையும், கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் எல்லை தாண்டிப் போவதையும் மாவட்டமே பார்க்கிறது. அறுபட்ட முகத்தை அண்மையில் நின்று அருவருப்பாகக் காட்டுவதைவிட, முன்னால் பச்சை வயல், நடுவில் வீடுகள், பின்னால் வெட்டுப்பட்ட குன்று என்று விரிந்த சட்டகத்தில் வைப்பது நல்லது. எவ்வளவு பெரியது, யாருக்குப் பக்கத்தில் என்பது அப்போதுதான் புரியும்.

மணவாளக்குறிச்சிக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அலை பின்வாங்கியதும் ஈர மணலில் இல்மனைட் என்ற கனிமத்தின் கறுப்பு வரிகள், நடுவே கார்னெட் கனிமத்தின் செம்மை. குனிந்து பார்த்தால் ஓவியம். அதே மணலில்தான் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட்டும் இருக்கிறது. இந்தக் கனிமங்களுக்காகத்தான் மணல் ஆலையும் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்த்து வருவதும் இந்த மணலை ஒட்டித்தான். கறுப்பு வரிகளின் படத்தைப் போடும்போது இதையும் இரண்டு வரி எழுதுங்கள்.

எந்த மாதத்தில் எங்கே போகலாம்?

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை விளவங்கோடு, கல்குளம் பக்கம் பலமாக இருக்கும். கோதையாறும் திற்பரப்பும் அப்போது நிறைந்து ஓடும். அதே நாட்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதும் மேகம் மலையைத் தாண்டி வழிவதும் அப்போதுதான். ட்ரைபாடின் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை நாஞ்சில் நாட்டுக் குளங்களை நிரப்பும். மழை விட்ட மறுநாள் காலை தூசி அடங்கி மலை மிகத் துலக்கமாகத் தெரியும். மார்கழி முதல் மாசி வரை வலசைப் பறவைகள்.

கன்னியாகுமரி முனையில் சூரியன் கடலில் இறங்குவதை எடுக்க வேண்டுமென்றால் தை, மாசியில் வாருங்கள். அப்போது அது தென்மேற்காகச் சாய்ந்து கடலுக்குள் போகும். ஆனி, ஆடியில் வடமேற்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் மறைந்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்குகிறது, அந்தி வெளிச்சமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். சட்டகத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துவிட்டுக் காத்திருப்பதே வழி.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமா? ட்ரோன்?

சரணாலயத்துக்குள் நுழையவும் படமெடுக்கவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும். காளிகேசம் போல வனத்துறையே சுற்றுலாவுக்குத் திறந்துவைத்த இடத்தில் சீட்டு வாங்கினால் போதும். அதைத் தாண்டி நடக்கக் கூடாது. ட்ரோனை வெளியில் எடுப்பதற்கு முன் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், அது ட்ரோன் பறக்கலாம் என்ற மண்டலமா என்று பாருங்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும் கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. சரணாலயத்தின் மேலும், பறவைகள் கூடும் குளங்களின் மேலும் ட்ரோன் வேண்டவே வேண்டாம். ஒரு முறை விரட்டப்பட்ட கூட்டம், இரை தேட வேண்டிய நேரத்தைப் பறப்பதில் செலவழிக்கிறது.

லொகேஷன் போடலாமா?

கூட்டத்தைத் தாங்கும் இடங்களுக்குப் போடலாம்: திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால். பெயர் வெளியே வராத ஓடை, பறவை கூடு கட்டும் மரம், ஒற்றையடிப் பாதையில் போகும் அருவி, இவற்றுக்கு 'கன்னியாகுமரி மாவட்டம்' என்பதோடு நிறுத்துங்கள். ஒரு ரீல் பரவினால் அடுத்த ஞாயிறு எத்தனை பைக், எத்தனை பாட்டில் என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். போனில் எடுத்த படத்துக்குள் இருப்பிடம் தானாகவே பதிந்திருக்கும். பகிரும் முன் அதை நீக்குங்கள், மூலக் கோப்பில் மட்டும் இருக்கட்டும்.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

கண் பார்த்த வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் அளவுக்கு. சாய்ந்த அடிவானத்தை நேராக்குங்கள், நிழலான பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள், லென்ஸில் பட்ட கடல்நீர்ப் புள்ளியை எடுங்கள். வானத்தை மாற்றாதீர்கள், இல்லாத பறவையை வைக்காதீர்கள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குப்பையைத் துடைக்காதீர்கள். நம் காட்டின் பச்சை ஒரே பச்சை இல்லை. ரப்பரின் பச்சை வேறு, சோலைக்காட்டின் பச்சை வேறு. நிறத்தைக் கூட்டித் தள்ளினால் தோட்டமும் காடும் ஒன்றாகிவிடும். எது காடு, எது தோட்டம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது மிகவும் அவசியம்.

கடற்கரையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கள்ளக்கடலை. தொலைவில் பெருங்கடலில் எழும் வீங்கு அலை, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலே கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படிப்பட்ட அலையில் உயிரிழந்தார்கள். இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காயிஸ் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பாறை நுனியில் நிற்க வேண்டாம். மீனவர் ஒருவர் "மக்கா, மேல ஏறு" என்றால் அந்த நொடியே ஏறுங்கள். அவருக்குக் கடல் தெரியும்.

போன் கேமரா போதுமா?

போதும்.

என் படத்தைப் புகாருக்குச் சான்றாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, உள்ளே பதிந்த தேதியும் இடமும் போய்விடும். நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுப் பதிவுகளுக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது பொது விதி. அதனால் முதல் படத்தின் தேதி பெரிய விஷயம். தனியாக இறங்காதீர்கள், ஊர்க்காரர்கள் நாலு பேரோடும் ஒரு வழக்கறிஞரோடும் பேசிவிட்டுச் செய்யுங்கள். குவாரிக் குத்தகை வளாகத்துக்குள் ஏறிக் குதித்து எடுக்க வேண்டியதில்லை, பொதுச் சாலையில் நின்று எடுத்ததே போதும்.

எடுத்த படங்களை எங்கே காட்டுவது?

இன்ஸ்டாகிராமில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேரூர் குளத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் தேரூரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். பாசனச் சங்கம், பள்ளிக்கூடம், வாசகசாலை, பங்குக் கோயில் மண்டபம், திருவிழாப் பந்தல் எல்லாம் நல்ல இடங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் குளத்துப் படத்தோடு போக அதுவே பொருத்தம். நவம்பர் 1, 1956இல் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள், அன்று நிச்சயம் ஆள் சேரும். படத்தை போனில் நீட்டாமல் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலமாவது இருக்கட்டும். இடமும் தேதியும் கீழே பெரிய எழுத்தில், பின்வரிசையில் கண்ணாடி போடாமல் வந்திருக்கும் பாட்டிக்கும் தெரிகிற மாதிரி.